நொடிக்கு இருபது மின்னல்

கிடங்கில் அவளுக்கு ரோபோக்கா என்று பெயர். நிஜப் பெயர் அடையாள அட்டையில் இருந்ததோடு சரி. தட்டுகளைச் சுமந்துகொண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓடும் இயந்திரங்களுக்கு, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியவைப்பதுதான் அவள் வேலை. தூண்களில் ஒட்டிய கட்டம் போட்ட ஸ்டிக்கர்களைக் கேமரா பார்க்கும், பார்த்து இடத்தைக் கணக்குப் போடும். கேட்கச் சின்ன வேலை மாதிரிதான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி.

மெதுவாகப் போனால் இயந்திரம் படு சமர்த்து. வேகம் எடுத்ததோ, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஓடும் பஸ்ஸிலிருந்து கடை போர்டைப் படிக்கிற மாதிரி, படம் இழுபட்டுக் கோடு கோடாகிவிடும். மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது இரண்டு முழம் தள்ளிப் போய் நிற்கும். ஒரு தடவை மேனேஜரின் நாற்காலியையே இடித்துத் தள்ளிவிட்டது. "பாவம், அதுக்கும் அவர்மேல கோவம்" என்று பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. வேகமும் வேண்டும், பிசகவும் கூடாது, முடியாவிட்டால் சொல், உன் பிரிவையே இழுத்து மூடிவிடுகிறேன் என்றார்.

அந்தப் பேக்கிங் பெண்களில் ஒருத்தி அவள் தங்கை. வீட்டில் இவர்கள் இரண்டு பேரை விட்டால் வேறு நாதி கிடையாது. தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. சொன்னால் எவன் வேலை கொடுப்பான்? எத்தனை இடம் ஏறி இறங்கியாயிற்று! அதனால் சொல்லாமலே சேர்த்துவிட்டாள். மாத்திரை சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும். வேலைக்கு வந்த பிறகு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. "இனிமே என்னைத் திட்டாத, நானும் சம்பாதிக்கிறவ" என்று தங்கை மிதப்பாகப் பேசும்போது அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அந்த வேலை நிலைக்க வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தலையால் தண்ணீர் குடித்துக் கடைசியில் வழி கண்டுபிடித்தாள். கேமரா கண் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் படம் இழுபடாது, ஆனால் இருட்டாகிவிடும். பெரிய விளக்கை எரியவிட்டால் பேட்டரி தாங்காது. சரி, கேமரா கண் திறக்கிற அந்தக் கணத்துக்கு மட்டும் விளக்கு பளிச்சென்று அடித்தால்? நொடிக்கு இருபது படம், இருபது பளிச். படம் அச்சு அசலாக விழுந்தது. இயந்திரம் முழு வேகத்தில் வந்து, மாப்பிள்ளை மாதிரி சொன்ன இடத்தில் நின்றது. அன்றைக்கு ரோபோக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த இயந்திரங்களை விலைக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்த அன்று, பேக்கிங் மேஜைகளுக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். இயந்திரம் பளிச் பளிச்சென்று அடித்துக்கொண்டு சீறி வந்தது. தங்கை கையிலிருந்த பெட்டி நழுவியது. உடம்பு விறைத்துச் சரிந்தாள், கை காலெல்லாம் வெட்டி இழுத்தது. இயந்திரம் அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு விரல்கூடப் பிசகாமல் வந்து நின்று, நின்ற இடத்திலும் மின்னிக்கொண்டே இருந்தது. ரோபோக்கா ஓடிப்போய் மேலங்கியைக் கழற்றி விளக்கை மூடினாள். மூடிய பிறகுதான் தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

அடிப்பாவி, ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா! வீட்டில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஓடிப்போய் அணைப்பவள் அவள்தானே. மினுக்கு வெளிச்சம் இந்தப் பெண்ணுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவளும் அவள்தானே. இயந்திரத்தின் கண்ணுக்கு என்ன வேண்டும் என்றே வருஷக்கணக்காக நினைத்துக் கிடந்தவளுக்குத் தங்கையின் கண் ஞாபகம் வரவில்லை. என்ன படித்து என்ன!

தங்கையை முதலுதவி அறையில் படுக்க வைத்த பிறகு மேனேஜர் வெளியே கூப்பிட்டார். "வந்தவங்களுக்கு ரொம்பத் திருப்திம்மா. பக்கத்துல ஆளே விழுந்தும் மிஷின் தடுமாறலையேன்னு அசந்துட்டாங்க. ஆர்டர் நமக்குத்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா நோயை மறைச்சில்ல சேர்ந்திருக்கா. இனி உள்ள விட முடியாது."

"சார், விளக்கை இன்னும் வேகமா அடிக்க வைக்கலாம் சார். கண்ணுக்கு நின்னு எரியற மாதிரிதான் தெரியும். ஒண்ணும் பண்ணாது."

"பேட்டரி தாங்குமா?"

தாங்காது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அப்ப விடு. ஒருத்திக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?"

வேலையை வீசி எறிந்துவிட்டுப் போகலாம். போனால் இரண்டு பேரும் தெருவில்தான்.

உள்ளே தங்கை கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தாள். நாக்கு கடிபட்டிருந்தது. பேச்சு தெளிந்ததும் அக்கா கேட்டாள்: "இந்த வெளிச்சம் ஒத்துக்கலைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"நீ விளக்கு மாட்டின முதல் நாளே தலை ஒரு மாதிரி ஆச்சுக்கா. மிஷின் வர்றப்ப முதுகு காட்டி நின்னுக்குவேன். இன்னைக்குப் பெரிய மனுஷங்க எதிர்ல நிக்கறாங்களே, எப்படித் திரும்பறது?"

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"சொன்னா நீ விளக்கைக் கழட்டிடுவே. எவ்வளவு பாடுபட்டே!" தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஷின் சரியா நின்னுச்சாக்கா?"

அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டபடி அக்கா, "நின்னுச்சு" என்றாள்.

"அப்பாடா! நாளைக்கு வந்து எல்லார்கிட்டயும் பீத்திக்கணும், எங்க அக்கா செஞ்சதுன்னு."

வேலை போன விஷயத்தை அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.