பன்னிரண்டு மாத பில்

லியோனிக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பிறந்ததிலிருந்து வாடகை வீடுதான். குளிர்நாட்டில், மடவாஸ்கா ஆற்றோரம் அவள் குடியிருந்த வீடுகளில் எல்லாம் வாடகையிலேயே ஹீட்டர் செலவும் அடக்கம். குளிருக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

இப்போது கட்டடத்தை விற்றுவிட்டார்கள். ஏப்ரலுக்குள் காலி செய்ய வேண்டும். கணவன் ரெயாலுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்து ஒன்றரை வருஷமாகிறது. குளிர் பட்டால் இடது கை இறுகிக்கொள்ளும். வலியில் பல்லைக் கடிப்பான்.

விலைக்கு வந்த ஒனேசிம் கிழவரின் வீடு அவர்கள் கைக்கு எட்டுவதாக இருந்தது. எல்லா அறையிலும் மின் ஹீட்டர். ஊரில் வீடு வாங்குகிறவர்கள் கேட்பதைத்தான் லியோனியும் கேட்டாள்: போன வருஷத்து மின் பில். கிழவர் பன்னிரண்டையும் அடுக்கிக் கொடுத்தார். ஜனவரிக்கே நூற்றெழுபது டாலர்தான்.

"இந்தத் தெருவுல என்னைவிடக் கம்மியா எவன் கட்டறான், சொல்லு பாக்கலாம்" என்றார்.

இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். இரண்டு முறையும் மாடிவரை கதகதவென்று இருந்தது. ஆறு தெரியும் கீழ்த்தள அறையை ரெயால் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், ஜன்னல் திரைக்கு அளவெடுக்க லியோனி சொல்லாமல் போனாள். எல்லோரையும் போல அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே கட்டில். ஒனேசிம் கோட்டும் குல்லாயுமாக அதில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குப் போகும் வாசலில் கம்பளி ஆணியடித்துத் தொங்கியது. அவள் அதை விலக்கினாள். முகத்தில் பனிக்காற்று அறைந்தது போலிருந்தது.

"பெரியவரே, அன்னிக்குச் சூடா இருந்துச்சே?"

"நீங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எல்லா ஹீட்டரையும் போட்டு வெச்சேன்ல? வர்றவங்கள வெறைக்க விடுவாங்களா யாராவது?"

அவர் முகத்தில் கள்ளமில்லை. அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லை.

"எல்லா ரூமுக்கும் போட்டா எவ்ளோ வரும்?"

"என் பொண்டாட்டி இருந்தப்ப போட்டோம். ஜனவரிக்கு அறுநூத்தி நாப்பது வந்துச்சு. அதுக்கப்புறம் வெல ஏறிப்போச்சு. நீ போன வருஷத்ததான கேட்ட?"

அவள் அளவெடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ரெயாலிடம் சொன்னாள். வீட்டுக் கடன் தவணையும் இந்த பில்லும் சேர்ந்தால் அவள் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு மிஞ்சாது.

"நானும் அடுக்களையிலயே கெடக்குறேன்" என்றான் ரெயால். "பாதி ஆளுக்குப் பாதி வீடு போதாதா?"

"வாய மூடு."

"வாங்கிடு லியோனி. திரும்பவும் அடுத்தவன் வீட்டுக்கு என்னத் தூக்கிட்டுப் போகாத."

"நடுராத்திரி கரன்ட் பில்ல நெனச்சு நான் ஹீட்டரக் கொறைப்பேன். உனக்குக் கை வலிக்கும். வலிக்குதுன்னு நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும் உன்ன."



லியோனி வீட்டுத் தரகருக்கு போன் செய்து, நாளைக்குக் கையெழுத்துப் போட வரவில்லை என்றாள். அவர் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார். ரெயால் நல்ல கையால் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏப்ரலுக்கு ஏழு வாரம் இருந்தது.