பரசுராமன் எடுத்த அகலத் திரை

விம்கோ நகரில் தன்னைக் கேரத்தில் ஜெயித்தவன் கிடையாது என்று பரசுராமன் எல்லோரிடமும் சொல்லுவார். அது உண்மைதான் என்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பகலில் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சாயங்காலமானால் பேட்டையில் ஆண்கள் கூடும் மன்றத்துக் கேரம் போர்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாரென்றால், காய் எதிர்க்கட்டையில் மோதித் திரும்பி, அவர் முன்கூட்டியே சொன்ன பாக்கெட்டில் போய் விழும். சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். வருஷக்கணக்காக இந்த மரியாதையிலேயே ஊறிப்போன மனிதர், வேறு விஷயங்களில் தான் தப்புச் செய்யக்கூடும் என்பதைச் சுத்தமாக மறந்துபோனார்.

மனைவி தங்கபுஷ்பம் மன்றத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. பெண்கள் போகிற இடமில்லை அது. கேரம் என்றால் அவளைப் பொறுத்தவரை லுங்கியில் ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளைப் பவுடர், துவைத்தாலும் லேசில் போகாதது.

இரண்டாயிரத்து எட்டில் மகள் மகிழினி, காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்த பரசுராமன், கம்ப்யூட்டரில் கேரம் கேம் உண்டு என்று யாரோ சொன்ன மறுநாளே குடும்பத்தோடு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

கடையில் மானிட்டர் காட்டியவள் சாபிரா என்கிற பெண். இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று பழைய டிவி போல ஏறக்குறைய சதுரம், மற்றது பக்கவாட்டில் நீண்டது. எதற்கு வேண்டும் என்று கேட்டாள். கேரம் ஆட என்றார் பரசுராமன், மகளின் காலேஜை மறந்து. அந்த கேம் பழசு, எண்ணூறுக்கு அறுநூறு புள்ளி என்ற கணக்கில் செய்தது, சதுரத் திரைக்கு அப்படியே பொருந்தும் என்று அவள் விளக்கினாள். அகலத் திரைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பதுக்குத் தொள்ளாயிரம் கணக்கு, அதில் போட்டால் படம் பக்கவாட்டில் இழுபடும். இழுபடாமலும் வைக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும்.

கறுப்பு என்றதும் பரசுராமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காசு கொடுத்துக் கறுப்பை எவனாவது வாங்குவானா? தங்கபுஷ்பம் முழங்கையைத் தொட்டு, சதுரமே போதும், பொண்ணு விவரமாத்தானே சொல்லுது என்றாள். கேரத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்று அவர் அவளை முறைத்தார்.

"அகலமா இருந்தாத்தான் ஆட எடம் கீது" என்று சொல்லி நீண்டதையே எடுத்தார். திரை முழுக்கப் படம் வரணும், ஒரு விரல்கடை கறுப்பும் கூடாது என்று கறாராகச் சொல்லி, அப்படியே அமைத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் கேமைப் போட்டதும் போர்டு சாப்பாட்டு மேஜை மாதிரி நீண்டுபோனது. காய்கள் எல்லாம் முட்டை வடிவில் படுத்துக் கிடந்தன. பரசுராமன் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் கேட்காமலே, நல்லாத்தான் இருக்கு என்றார்.

ஆட்டம் நல்லாயில்லை. அவர் கண்ணுக்குப் பழகின கோணம் ஒன்று, திரையில் கிடந்த கோணம் இன்னொன்று. காயின் ஓரத்தில் கட் அடித்தால் அது பாக்கெட்டைத் தாண்டிப் போனது. தங்கபுஷ்பத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. நிஜப் போர்டை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை, நீண்டு கிடந்ததுதான் கேரம் என்று எடுத்துக்கொண்டாள். மகள் மௌஸ் பிடிக்கச் சொல்லித் தந்த ஒரு வாரத்துக்குள் புருஷனை ஜெயித்தாள். அப்புறம் ஜெயிப்பதை நிறுத்தவே இல்லை.

மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். திரை சரியில்லை என்றால், அன்றைக்குக் கடையில் இவள் சொன்னதுதான் சரி என்றாகும். திரை நன்றாக இருக்கிறது என்றால், கேரத்தில் பொண்டாட்டியிடம் தோற்றவன் என்றாகும். இரண்டையும் சொல்ல மனசில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தார். வீட்டில் யார் ஜெயிக்கிறார்கள் என்று மன்றத்தில் கேட்டால், இது ஒரு கேள்வியா என்பதுபோல் சிரித்துவைப்பார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். மன்றத்தில் பரசுராமனுக்கு அடுத்த ஆட்டக்காரர், அவரிடம் தோற்றுத் தோற்றுச் சலித்தவர். திரையைப் பார்த்ததும், காயெல்லாம் நசுங்கிக் கிடக்கிறதே, எந்தப் புத்திசாலி எடுத்தது என்று கேட்டார்.

பரசுராமன் வாயைத் திறக்குமுன், "நான்தாண்ணே எடுக்கச் சொன்னேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

எந்தச் சிரமமும் இல்லாமல், டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள். இனி திரைமேல் எவ்வளவு வேண்டுமானாலும் பழி போடலாம், பரசுராமனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பொம்பளைங்க எடுத்தால் இப்படித்தான் என்று கிருஷ்ணப்பன் சிரித்தார். ஆடத் தெரிந்தவனுக்கு அகலமென்ன, சதுரமென்ன என்று சொல்லி அவளோடு ஆட உட்கார்ந்தார். அவள் சிவப்புக் காயான ரெட்டையும் போட்டு, அதற்கு அடுத்துப் போடவேண்டிய ஃபாலோவும் போட்டு முடித்தாள். இன்னொன்று ஆடலாம் என்றார். அதையும் முடித்தாள். கிருஷ்ணப்பன் மௌஸைத் தள்ளிவைத்தார்.

"இதுல மனுசன் ஆட முடியாது பரசு. ஸ்க்ரீனே சரியில்ல."

இந்த வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று மூன்று மாதமாகத் தவித்த மனிதர் பரசுராமன். இப்போது தலையை ஆட்டினால் போதும். மன்றத்து மரியாதை அப்படியே மிஞ்சும். தங்கபுஷ்பம் ஒன்றும் நடக்காததுபோல் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயித்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஸ்க்ரீன் மேல பழி போடாத" என்றார் பரசுராமன். "அத்த எடுத்தது நான். இவ வேணாம்னுதான் சொன்னா. மூணு மாசமா நானும் இவகிட்ட தோத்துகினுதான் கீறேன்."

கிருஷ்ணப்பன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்புப் பரவியது. சாயங்காலத்துக்குள் விம்கோ நகர் முழுக்கத் தெரிந்துவிடும். தங்கபுஷ்பம் கையிலிருந்த கிளாஸ்களைத் திரும்பக் கீழே வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப கடையில சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் அந்தக் கறுப்ப வெச்சே ஒரு ஆட்டம் ஆடலாம்யா" என்றாள். "காயி உருண்டையா இருந்தா எப்டி கீதுன்னு நானும் பாக்குறேன்."

சரி என்று சொல்லிவிட்டார் பரசுராமன். உருண்டைக் காயிலும் தோற்றால் அப்புறம் எதைச் சொல்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்தார்.