ஹில்டா கிராப்ட்ரியின் ஓட்டு

ஹில்டா கிராப்ட்ரி தனக்கென்று முந்திக்கொண்டு எதையும் எடுத்ததில்லை. கிராக்டன் என்ற அந்தப் பஞ்சாலை ஊரில் இது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சர்ச் தேநீர் விருந்தில் தட்டில் ஒரே ஒரு துண்டு கேக் மிச்சமிருந்தால், ஊரே பசியோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு கை நீளாது. கேக் காய்ந்து போகும், மரியாதை பிழைத்துவிடும். ஹில்டா கடைசித் துண்டுக்கு முந்தின துண்டையும் தொடமாட்டாள். கசாப்புக் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கறி வாங்கிப் போய் அடுப்பில் ஏற்றியிருப்பார்கள். "நீங்க போங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்பாள். அவசரம் இருக்கத்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவள் நகரசபைத் தேர்தலில் நின்றதற்குக் காரணம் சலவைக்கூடம். மில் தெரு வீடுகளில் வெந்நீர்க் குழாயும் கிடையாது, துணி காயப்போட இடமும் கிடையாது. திங்கட்கிழமை ஆனால் பெண்கள் அழுக்குத் துணியைப் பழைய குழந்தை வண்டியில் அடைத்துக்கொண்டு நகரசபைச் சலவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கேயே துவைத்து, சூட்டு அறையில் உலர்த்தி, மடித்துக்கொண்டு திரும்புவார்கள். அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டவேண்டும் என்றார் கவுன்சிலர் மாட்லி. மில் தெருவில் ஒருத்தரிடமும் கார் இல்லை. கட்டட ஒப்பந்தக்காரரான மாட்லியிடம் இருந்தது.

ஹில்டாவின் கணவன் கிளெமென்ட்டுக்குப் பஞ்சாலைத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்குள் ஈரத்துணி தொங்கினால் மூச்சுக்குத் திண்டாடுவான். இன்னொரு குளிர்காலம் ஈரத்தில் இருந்தால் தாங்கமாட்டான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, சலவைக்கூடம் போனால் கிளெமென்ட்டும் போவான். இதை ஹில்டா யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு பெஸ்ஸி ஆக்ராய்டிடம் மட்டும் சொன்னாள், அதாவது ஊருக்கே சொன்னாள்.

"நீ நில்லுடி" என்றாள் பெஸ்ஸி.

"நானா? என்னைவிட நல்லாப் பேசுறவங்க இருக்காங்களே."

"பேசுறவன்தான் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானே, வாயைத் திறந்தா மூடமாட்டேங்கிறான். துணி துவைக்கிறவ ஒருத்தி போகட்டும்."

ஹில்டா ஓட்டுக் கேட்ட அழகு இருக்கிறதே! கதவைத் தட்டுவாள், தட்டியதற்கு மன்னிப்புக் கேட்பாள், பிறகு, "மிஸ்டர் மாட்லியும் நல்ல மனுஷர்தான், நீங்களே யோசிச்சுக்குங்க" என்பாள். பெஸ்ஸி பின்னாலிருந்து கிள்ளுவாள். அப்படியும் ஜனங்கள் அவள் பக்கம் சாய்ந்தார்கள். அவளிடம் ஒரு தடவையாவது வரிசையில் இடம் வாங்காதவர்கள் அந்த வார்டில் குறைவு.

ஓட்டுப்பதிவு அன்று மழை கொட்டியது. ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. கிளெமென்ட் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, மாட்லியின் கார் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. எந்தக் கட்சி என்று கேட்காமல் ஏற்றிக்கொள்வது அங்கே வழக்கம்தான். ஆனால் மாட்லி கட்சியின் நீல ரிப்பன் கட்டிய காரிலிருந்து ஹில்டாவின் புருஷன் இறங்கியதைத் தெருவே பார்த்தது.

ஹில்டா சாயங்காலம் ஓட்டுப் போட வந்தாள். மறைப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில் தொங்கியது. சீட்டில் முதல் பெயரே 'கிராப்ட்ரி, ஹில்டா, மணமான பெண்' என்று இருந்தது. பென்சிலை எடுத்தாள், வைத்தாள். தன் பெயருக்கு நேரே தானே பெருக்கல் குறி போடுவதாவது! யாரும் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்துவிட்டது. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் மாட்லி பெயருக்கு நேரே குறியைப் போட்டு, மடித்து, பெட்டியில் தள்ளிவிட்டு வந்தாள். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள்.

மாட்லி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். திரும்ப எண்ணினார்கள், அப்போதும் அதே ஒன்று. அந்தச் சீட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் ஹில்டா கவுன்சிலர். அவள் மாட்லியின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

"சத்தியமா நான் உனக்குத்தான் போட்டேன்மா" என்றான் கிளெமென்ட்.

"தெரியும்" என்றாள்.

அடுத்த திங்கள் அவள் சலவைக்கூடத்துக்குள் நுழையும்போதே நீராவிக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

"ஓசிக் காருக்கு ஓட்டை வித்துட்டான் பாரு" என்றாள் ஒருத்தி.

"கட்டின பொண்டாட்டிக்கே போடாதவன்! அவ இல்லேன்னா அவனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஏது?" என்றாள் பெஸ்ஸி.

ஹில்டா மூட்டையை இறக்கி வைத்தாள். "அவரு எனக்குத்தான் போட்டாரு. மாட்லிக்குப் போட்டது நான்."

குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. "புருஷனைக் காப்பாத்த இப்படியா பொய் சொல்லுவே?" என்றாள் பெஸ்ஸி.

"பொய்யில்ல பெஸ்ஸி. சீட்டுல என் பேரைப் பார்த்ததும் ஒரே கூச்சமாப் போச்சு. எனக்கே நான் எப்படிப் போட்டுக்கிறது? அவரு நெஞ்சுக்காகத்தானே நின்னேன்? அவருக்காகக்கூட எனக்குக் கை வரலியே!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

திட்டுவதற்கு வாயைத் திறந்த பெஸ்ஸி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். "பாவி மகளே! உன் இடத்துல நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சு தொலைச்சிருப்பேன்" என்றாள். மற்றவர்களும் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

"அந்த மாட்லி யாருக்குப் போட்டாராம்?" என்று கேட்டாள் ஒரு சின்னப் பெண்.

"அவரா? கதவைத் திறந்ததும் முதல் ஆளா உள்ள போய்த் தனக்குப் போட்டுக்கிட்டு, வெளிய வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாரே" என்றாள் பெஸ்ஸி.

கோடையிலேயே சலவைக்கூடத்தை இடித்துவிட்டார்கள். ஹில்டா துணியைச் சமையலறையில் காயப்போட்டாள், வேறு எங்கே போடுவது? கிளெமென்ட் பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தான். அடக்கத்துக்கு மாட்லி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். ஊர் வழக்கப்படி ஹில்டா உட்கார்ந்து அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினாள். தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே நின்று அதை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.