நான் அளந்துவிட்ட மைதா

விரல் இடுக்கெல்லாம் வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கிறது. ஆனால் மாவு மட்டும் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. பிடித்தால் கொழுக்கட்டை. கையைத் திறந்தால் கடற்கரை மணல்...

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு அடுப்படி. டிசம்பர் மாதப் பகல், மணி ரெண்டேகால். அப்போது நான் பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூலில் யூகேஜி மிஸ். வேலையில் சேர்ந்து ஏழே மாதம்.

மறுநாள் ஸ்கூலில் கிறிஸ்மஸ் விழா. என் வகுப்பில் நாற்பத்திரண்டு வாண்டுகள். "மிஸ் ஆளுக்கு ஒரு ஸ்டார் பிஸ்கட் என் கையாலயே செஞ்சு எடுத்துட்டு வருவேன்" என்று ஒரு வாரமாக அளந்துவிட்டிருந்தேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் குழந்தைகள் தினத்துக்கு எல்லோருக்கும் பலூன் என்று சொல்லிவிட்டு, சுத்தமாக மறந்துபோயிருந்தேன். அதனால் பிஸ்கட் என்றதும் முதல் பெஞ்ச் ஜெனிஃபர் எழுந்து நின்று கேட்டாள்.

"இதுனாச்சும் நெஜமா மிஸ்?"

சுருக்கென்று குத்தியது. அஞ்சு வயசுப் பிள்ளை... அவளிடம் ரெண்டாவது முறையும் பொய்யாகிப் போனால் நான் என்ன மிஸ்?

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தெருமுனை பேக்கரி அண்ணனிடம் கெஞ்சி வைத்திருந்தேன். "நாலு மணிக்கு பன்னு வெளிய வந்துரும். அரை அவரு அடுப்பு சும்மா கீது. அதுக்குள்ள கொண்டாந்தா உண்டு. அப்பால பிரெட்டு ஏத்திருவேன், என்னாண்ட கேக்காத" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இங்கே மாவோ கட்டை பட்டதும் பாளம் பாளமாக வெடிக்கிறது. தகர அச்சை வைத்து அழுத்தினால் ஸ்டாரின் ரெண்டு முனை பலகையில், மூணு முனை அச்சில். நாலு தரம் உருட்டினேன், நாலு தரமும் அதே கதை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சொம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றப் போனேன்.

"அய்ய, ஊத்தாத! பசையாட்டம் ஒட்டிக்கினு பேஜாராயிடும்!"

வாசலில் தனம். பக்கத்து வீடு, என் வயசுதான். காத்திவாக்கத்துப் பெண், எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா இறால் விற்பவர். உறை ஊற்ற மோர் கேட்டு வந்தவள், என் மூஞ்சியைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு மாவ வச்சிகினு அழுதுகினு கீற?"

"பேப்பர்ல போட்ட மாதிரியேதான் செஞ்சேன் தனம். ரெண்டு டம்ளர் மைதா..."

"எப்டி அளந்த? அளந்து காட்டு."

காட்டினேன். டம்ளரைப் பையில் விட்டு மொண்டேன். ஒரு குலுக்கு. தரையில் ரெண்டு தட்டு. மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டுக் கோபுரமாகக் குவித்தேன்.

தனம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி! பிஸ்கட்டுக்கு யாராச்சும் கொசுறு போடுவாங்களா? கொறஞ்சா அது இன்னா சண்டைக்கா வரப் போவுது?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து மளிகைக் கடை வைத்தவர். கடையில் பொரி அளந்து போடுவது சின்ன வயசிலிருந்தே என் வேலை. "தலை தட்டாத தாயி, குவிச்சுப் போடு. வாங்குதவங்க மனசு நெறையணும்" என்பார். என் கைக்கு வேறு அளவே தெரியாது. ரெண்டு டம்ளர் என்று நான் போட்டது ரெண்டரைக்கு மேலேயே இருக்கும்.

போட்ட மைதாவைத் திரும்ப எடுக்கவா முடியும்? மிச்சமிருந்த வெண்ணெய்த் துண்டை இளக்கிக் கலந்தோம். பிறகு ஆறின பால், ஒரே ஒரு ஸ்பூன். போட்டுப் பிசையாமல் ஒன்றாகச் சேர்த்து அமுக்கினோம். இன்னொரு ஸ்பூன்... மூணாவது ஸ்பூனில் மாவு சொன்ன பேச்சைக் கேட்டது. உருண்டை உடையவில்லை!

உடனே கட்டையை எடுத்தேன். தனம் பிடுங்கிக்கொண்டாள். ஈரத்துணியைப் பிழிந்து மாவைச் சுற்றி வைத்தாள். "கால் அவரு ஊறட்டும் வுடு. மாவையே மொறச்சிப் பாத்துகினு இருக்காத."

மணி மூணு. அந்தக் கால் மணி நேரம் எனக்குப் போகவே இல்லை.

அப்புறம் பால் பாக்கெட் ரெண்டைக் கத்தரித்துக் கழுவித் துடைத்து, நடுவில் மாவை வைத்துத் தேய்த்தோம். வெடிப்பே இல்லை. அச்சை அழுத்தித் தூக்கினேன். அஞ்சு முனையும் முழுசாக ஒரு ஸ்டார்!

அப்பாடா... தனத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் புடவை முழுக்க மைதா.

ஓரத்தில் விழுந்த துண்டுகளையும் சேர்த்து உருட்டி, மொத்தம் அம்பத்தொரு ஸ்டார். தனம் தட்டுகளை அடுக்கி மீன் கூடை மாதிரி தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் ஓடினேன். நாலடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது பேக்கரி. "வந்துட்டியா!" என்று அண்ணனே சிரித்துவிட்டார்.

மறுநாள் ஜெனிஃபர் பிஸ்கட்டை ரெண்டு கையாலும் வாங்கினாள். கடிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெஜமாவே செஞ்சிட்டீங்க மிஸ்" என்றாள்.

மிச்சத்தில் இன்னொன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"இது இன்னாத்துக்கு மிஸ்?"

"கொசுறு."

பதினஞ்சு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வீட்டிலேயே ஓவன், கிராம் கணக்குக் காட்டும் தராசு எல்லாம் இருக்கிறது. என் வகுப்புக்கு இன்றும் வருஷாவருஷம் ஸ்டார் உண்டு. மைதா அளப்பது என் மகள். ரெண்டு கிராம் கூடினாலும் ஸ்பூனால் எடுத்துவிடுவாள். மாவு உதிர்வதே இல்லை, எனக்கும் நிம்மதிதான்.

ஆனால் எண்ணிப் பார்த்தால் தலைக்கு ஒன்று, அவ்வளவுதான். கொசுறு கொடுக்க ஒன்றுகூடக் கையில் மிஞ்சுவதில்லை...

அதனால் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கை மைதாவை அள்ளிப் போட்டுவிடுகிறேன். கூடவே ஒரு ஸ்பூன் பாலும்.