முதல் தரச் சாமை

மலைக்காரர்களுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவர்களில் நானும் ஒருவன். யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அது. வத்தல்மலைச் சாமையைப் பொம்மிடியில் வாங்கி, ரயிலேற்றி, சேலத்தில் ஒரு பெரிய கடைக்கு நேராக அனுப்புவதாக ஏற்பாடு. இடையிலிருக்கும் தரகர்களை ஒழித்துவிட்டால் மலை பிழைத்துக்கொள்ளும் என்று மனப்பால் குடித்தேன். எந்தத் தரகனும் செய்யாத கெடுதலை நான் செய்தேன்.

கடைக்காரர் கேட்டது முதல் தரம். தை மாதம் மூட்டைகள் இறங்கின. கல், பதர், பழுப்பு என்று குற்றம் சொல்லி எல்லாவற்றையும் திருப்பினேன். சரிவில் ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு தனியாகப் பாடுபடும் விதவை அம்மா ஒருவர், இரண்டு தடவை கூடையோடு இறங்கி, இரண்டு தடவையும் சுமந்துகொண்டே மலையேறினார். மூன்றாம் தடவை, வாயை மண்ணால் பூசி மூடிய பெரிய சுரைக்குடுவைகளோடு வந்தார். உடைத்துக் கொட்டினால் ஒவ்வொரு மணியும் திரண்டு ஒரே நிறத்தில் இருந்தது.

"இதயுமா குடுக்கணுங்க?" என்று கேட்டார்.

"இதைத்தானம்மா மொதல்லருந்து கேக்கறேன்! இத்தன நாளு ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?" என்று அதட்டினேன். அதோடு விட்டேனா? சாம்பல் வாசனை அடிக்கிறது, நன்றாகப் புடைத்துக் கொடுங்கள் என்றேன். அந்தச் சாமையில் ஒரு பிடி அள்ளி வந்தவர்களிடமெல்லாம் காட்டி, இந்த மாதிரி கொண்டுவாருங்கள் என்றேன். ஒரே வாரத்தில் அந்த அம்மாவின் ஊர்க் குடுவைகள் அத்தனையும் இறங்கிவிட்டன.

நான் குடியானவன் வீட்டில் பிறந்தவன். சாம்பல் கலந்து மூடி வைப்பது விதையைத்தான் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் அதே வாசனைதான். அன்று அது என் மூக்குக்கு அழுக்காகப் பட்டது. தரம் பார்க்கிற திமிர், வேறென்ன?

ஆனியில் மழை விழுந்தது. சேலத்துக் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சாமை அத்தனையும் குத்தி விற்றாயிற்று, பாயசம் வைத்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்காட்டப் பெருமையோடு மலையேறினேன். சரிவெல்லாம் உழுது கிடந்தது, பச்சை ஒன்றுகூட இல்லை. என்னைப் பார்த்ததும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். எனக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார்கள்.

"வெதை பின்னால வருதுங்களா?" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மலை வழக்கப்படி ஒருவர் வீட்டு விதையை எடுத்தவர், விதைப்புக்கு முன்னால் அதை விதையாகவே திருப்பிவிட வேண்டும். யாரும் போய்க் கேட்பதில்லை, அவரே கொண்டுவந்து தருவார். மழை விழுந்த நாளிலிருந்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். விலை கொடுத்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் தடுத்தது.

அப்புறம் கடத்தூர்ச் சந்தையில் விதை வாங்கி மேலே அனுப்பினேன். அது அந்தக் குளிருக்கு ஒத்துவரவில்லை, கதிரே பிடிக்கவில்லை. அறுக்க ஒன்றும் இல்லாமல் அந்த அம்மா ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். நல்லது செய்யப் போனவனின் லட்சணம் அது.

ஆனால் அன்று மலையில் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "கடுதாசில என்னா எழுதியிருக்குதுங்க?" என்றுதான் கேட்டார்.

உங்கள் சாமை முதல் தரம் என்று எழுதியிருக்கிறது, என்றேன்.

"அது தெரியுமுங்களே. எங்க மாமியா அவங்க மாமியாகிட்ட வாங்குன வெதை," என்றார்.