குறைவின்றித் திருப்பி ஒப்படைக்கப்பட்டது

எங்கள் வீட்டிலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போக ஆறு நிமிடம். இடையில் ஒரு வெதுப்பகமும் ஒரு ட்ராம் தரிப்பிடமும் இருக்கின்றன. நான் அந்த வழியால்தான் பள்ளிக்கூடம் போனேன். அம்மா மட்டும் நிலையம் வரும் இடத்தில் வீதியைக் கடந்து மறுபக்கத்தால் நடப்பார். மழையென்றாலும் பனியென்றாலும் அப்படித்தான். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது அந்த நிலையத்தின் பதிவேடுகளை வாசிப்பது என் வேலை. ஜேர்மனியில் எங்கள் மாநிலப் பாராளுமன்றத்தின் கீழ் இயங்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. பொலிஸைப் பற்றிப் பொதுமக்கள் தரும் முறைப்பாடுகளை விசாரிக்கிறோம். யாரிடமும் சீருடை இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் கேட்கும் உரிமை ஒன்றுதான்: பதிவேட்டைக் காட்டுங்கள், கடமைப் பட்டியலைக் காட்டுங்கள், அன்றைக்கு யார் எங்கே நின்றார் என்று சொல்லுங்கள்.

அம்மா மன்னாரில் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா ஏழு வயதிலேயே மீன்பிடிக்க வள்ளத்தில் ஏறியவர். இரண்டு பக்கத்துச் சந்ததியிலும் முதலில் பரீட்சை எழுதியவள் நான். அதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை. நான் முதலாம் வகுப்பில் எழுத்துப் பழகியபோது அம்மாவும் பக்கத்தில் இருந்து தன் கையெழுத்தைப் பழகினார். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. எழுதத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

எனக்கென்று தனியாகத் தரப்பட்ட முதல் கோப்பு ஒரு பெண்ணுடையது. வைத்தியசாலை அறைகளைத் துப்புரவு செய்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு சனிக்கிழமை காலை சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றவரை, வேறொரு திருட்டில் தேடப்படும் பெண் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்கு அடைத்தார்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்து ஒரு மணிக்கு விட்டார்கள். அதற்குள் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

அவருக்கு நீரிழிவு. தலை சுற்றியது, அழைப்பு மணியை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன், நான்கு மணி நேரமும் ஒருவரும் வரவில்லை, விழுந்துவிட்டேன் என்பது அவர் சொன்னது. பொலிஸ் சொன்னது வேறு. அவர் கதவை அடித்து உடைக்கப் பார்த்துத் தானே கையை முறித்துக்கொண்டார், திறந்த பொலிஸ்காரரையும் தாக்கினார் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். அடைக்கப்பட்டவரை அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் ஒன்பதரை, பத்து, பத்தரை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நலமாக இருக்கிறார்’ என்றும், அதன் கீழே வால் நீண்ட ஒரே சுருக்கக் கையெழுத்தும் இருந்தன. அந்தப் பதிவேடு உண்மையென்றால் அந்தப் பெண் பொய் சொல்கிறார். தண்டனை கிடைத்தால் வைத்தியசாலையில் இனி அவருக்கு வேலை இல்லை.

நான் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி நேரத்தில் வைத்த எட்டுக் கையெழுத்தும் ஒரே சாய்வு, ஒரே மை. ஒரே மூச்சில் வைத்தது போல இருந்தது.

பிறகு கடமைப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு நான்கு பேர் நின்றிருக்க வேண்டும். ஒருவர் சுகவீன விடுப்பு. ஒருவரைக் கால்பந்துப் போட்டிக்கென்று பெரிய நகரம் இரவலாக எடுத்திருந்தது. மிஞ்சியது இரண்டு பேர். அதே காலை பத்து மணிக்கு நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. நிலையத்தின் ஒரே வாகனம் அங்கே போயிருக்கிறது. அந்த வாகனத்தில் ஒருவர் போனாரா, இருவரும் போனார்களா என்பதுதான் கேள்வி. உள்ளே ஒருவர் அடைபட்டிருக்க இருவரும் போகக்கூடாது. வாகனத்திலிருந்து தலைமையகத்தோடு பேசிய வானொலிப் பதிவில் இரண்டு குரலும் இருந்தால், எட்டிப் பார்க்க அங்கே ஆளே இல்லை. அந்தப் பதிவைத் தலைமையகம் மூன்று மாதம் வைத்திருக்கும், பிறகு அது தானாக அழியும். ஆண்டு முடியுமுன் எழுத்தில் கேட்டாக வேண்டும்.

மார்கழித் தொடக்கத்தில் நிலையத்துக்கு நேரில் போனேன். பொறுப்பதிகாரி கோப்பி தந்தார். அடைக்கும் அறையைத் திறந்து காட்டினார். அழைப்பு மணியை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அது நன்றாக வேலை செய்தது. வெளியே வரும்போது மேலங்கியை எடுத்துத் தந்துகொண்டே சொன்னார்:

“நீங்கள் இந்தப் பகுதிதானே? உங்கள் அம்மாவைக் காண்பதுண்டு. எப்போதும் எதிர்ப்பக்கத்தால்தான் போவார்.”

அவர் சிரித்தபடிதான் சொன்னார். நான் அவரிடம் என் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ரோந்து வாகனம் எங்கள் வீதியில் நிற்கத் தொடங்கியது. எங்கள் வாசலில் அல்ல, மூன்று வீடு தள்ளி. இயந்திரத்தை நிறுத்தாமல் பத்து நிமிடம் நிற்கும், பிறகு போய்விடும். வாகனம் நிறுத்த அனுமதியுள்ள இடம் அது. அதில் முறைப்பாடு செய்ய எதுவும் இல்லை. அம்மா சமையலறை யன்னல் திரையை மூடிவைக்கத் தொடங்கினார். என்ன வேலையில் இருக்கிறாய் இப்ப, என்று ஒருமுறை கேட்டார். கோப்பைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று சொன்னேன். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார் என்று நினைத்தேன்.

நத்தாரன்றும் மறுநாளும் விடுமுறை. அது முடிந்து வேலைக்குப் போய் மாலை வீடு திரும்பியபோது, மேசையில் அம்மாவின் பெரிய தட்டு இருந்தது. நத்தாருக்கு அக்கம்பக்கம் பலகாரம் கொடுக்கும் தட்டு. மேலே அவர் பின்னிய வெள்ளைத் துணி, அதற்கு மேலே பொலிஸ் முத்திரை குத்திய ஒட்டுத்தாள். அம்மா கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மத்தியானம் இரண்டு பொலிஸ்காரர் வந்து தந்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

“ஆருக்குக் குடுத்த தட்டு அம்மா இது?”

“உனக்காகத்தான் பிள்ளை போனனான். திருநாளுக்கு முதல்நாள். ஸ்ரேசனுக்கு.”

“என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?”

“என்ரை மகள் உங்களைப் பாக்கிற ஒபீசிலை வேலை, சின்னப்பிள்ளை, அவளோடை கோவிக்காதேங்கோ எண்டு.”

“ஜேர்மன் பாசையிலையோ?”

“எனக்கு வந்த ஜேர்மனிலை. அங்கை நிண்ட பொலிஸ் பெடியன் நல்லாச் சிரிச்சவன். எத்தினை எண்டு கேட்டான். நாப்பது எண்டனான். எழுதினவன்.”

அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சண்டைக் காலத்தில் ஊர் முனையில் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. தன் தம்பியார் வேலைக்குப் போய் வர வேண்டுமென்று அம்மா அங்கே நின்றவர்களுக்கு இரண்டு வருடம் பொரித்த மீனும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுத்தவர். கையால் வாங்கித் தின்றவன் சட்டென்று கை ஓங்கமாட்டான் என்பது சீருடைகளைப் பற்றி அவர் படித்த ஒரே பாடம். அந்தப் பாடத்தால் தம்பியார் உயிரோடு இருக்கிறார். வீதியைக் கடந்து நடக்கும் அம்மா, முதன்முறையாக அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போயிருக்கிறார். எனக்காக.

தட்டின் அடியில் ஒரு படிவம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பொலிஸ்காரர் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்ற விதியின்படி எழுதப்பட்டது. அப்படி எழுதுவதில் பிழை இல்லை. மேற்பார்வை அலுவலகத்தில் இந்நிலையத்துக்கு எதிரான கோப்பைக் கையாளும் ஊழியரின் தாயார், அந்தக் கடமை தொடர்பாக, நிலையத்துக்குப் பலகாரம் வழங்கினார் என்று முதல் வரி. வகை தெரியாத இனிப்பு, நாற்பது துண்டு என்று இரண்டாவது. எண்ணிச் சரிபார்க்கப்பட்டுக் குறைவின்றித் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று மூன்றாவது. பிரதிகள் பொலிஸுக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் எங்கள் அலுவலகத் தலைவிக்கும். கீழே அம்மாவின் கையெழுத்து, முதலாம் வகுப்பில் என்னோடு பழகிய அதே உருண்டை எழுத்து. தன்னால் வாசிக்க முடியாத தாளில் வைத்திருந்தார்.

அதன் பக்கத்தில் வால் நீண்ட சுருக்கக் கையெழுத்து. எனக்கு அது மனப்பாடம். எட்டு முறை பார்த்தது.

அம்மா இதற்கிடையில் ஒட்டுத்தாளைக் கிழித்துத் துணியை எடுத்திருந்தார். தின்னாமல் திரும்பி வந்த பலகாரம் அவருக்குப் பகைக்குச் சமம். அதை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லை. விரலால் தொட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி முடித்து மறுபடி தொடங்கினார்.

“பயத்தம் பணியாரம் பதினைஞ்சு. கொக்கிஸ் பதினைஞ்சு. அரியதரம் ஏழு,” என்றார். “பத்து வைச்சனான். மூண்டைத் திண்டிட்டாங்கள்.”

நான் எண்ணினேன். முப்பத்தேழுதான்.

“எண்ணினது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறான் அம்மா.”

“எண்ணாமலே வைச்சிருப்பான்,” என்றார் அம்மா. அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. “திண்டது திண்டதுதானே. பகை இல்லை.”

அடைக்கும் அறையைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் படிவத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்தப் பெண் சொன்னது முழுவதும் உண்மை என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறுதியானது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லாமல் போனதும் அதே நிமிடத்தில்தான்.

அடுத்த நாள் காலை, பிரதி வந்து சேருமுன், தலைவியின் அறைக்குப் போனேன். அவர் முன்பு நீதிபதியாக இருந்தவர், அதிகம் பேசாதவர். நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தேன். மூன்று அரியதரத்தையும் எழுதினேன். அவர் இரண்டு முறை வாசித்தார்.

“இது ஒருவருக்குப் பலகாரம் பிடித்திருக்கிறது என்பதை மட்டும்தான் நிரூபிக்கும்,” என்றார்.

எனக்கு அது தெரியும். வானொலிப் பதிவைக் கேட்கும் கடிதம் என் பெயரில் தயாராக இருந்தது. அது அப்படியே போனால் பக்கச்சார்பு என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த இழுபறிக்குள் ஆண்டு முடிந்து பதிவு அழிந்துவிடும். அன்றோடு சேர்த்து இரண்டு வேலைநாள்தான் மிச்சம். கோப்பிலிருந்து என்னை நீக்குங்கள், கடிதத்தை இன்றைக்கே உங்கள் பெயரில் அனுப்புங்கள் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

“வாசிக்காததில் நான் கையெழுத்து வைப்பதில்லை,” என்றார் அவர்.

கோப்பு இருநூறு பக்கத்துக்குக் கிட்ட. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே என் மேசையில், எந்த வேலையும் ஓடாமல், பக்கம் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் அமைச்சிலிருந்து தொலைபேசி வந்தது. பிறகு பொறுப்பதிகாரி. அவர் என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார். அம்மா சுகமா என்று கேட்டார். தட்டு உடையாமல் வந்து சேர்ந்ததா என்று கேட்டார். இணைப்பைத் தலைவிக்குக் கொடுத்தேன். அவர் எடுக்கவில்லை. பக்கம் புரண்டது.

மூன்றரைக்கு மேல் வெளியே வந்தார். கடமைப் பட்டியலில் ஒரு பக்கத்துக்கு இலக்கம் போடாமல் விட்டிருக்கிறாய் என்றார். கடிதத்தில் வேறு எதையும் மாற்றவில்லை. தானே காரில் தலைமையகத்துக்குக் கொண்டுபோய், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவந்தார். பிறகு கோப்பைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னோடு பேசவில்லை. பேசவும் கூடாது. அமைச்சு என்னைப் பற்றித் தனியாக ஒரு கோப்புத் திறந்திருக்கிறது என்பதை மட்டும் கடிதமாகத் தந்தார்கள். அதில் அம்மாவின் பெயரும் உண்டு.

தைமாத நடுவில் ஒரு நாள் தலைமையகத்திலிருந்து வந்த, மூடி முத்திரையிட்ட தடித்த பொதி ஒன்று தலைவியின் மேசையில் இருந்ததைக் கண்டேன். நான் கண்டதைக் கண்டு அவர் அதன் மேல் கையை வைத்தார். அன்றைக்கே அந்தப் பெண்ணும் வந்தார். வரவேற்பில் வருகையாளர் புத்தகத்தில் இடது கையால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“நீங்கள்தானே என்னுடைய கோப்பு?”

இனி இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்ல அனுமதி இல்லை என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். “அப்படியென்றால் நீங்களும் அவர்களைத்தான் நம்பினீர்கள்.”

இரண்டு அறை தள்ளி அந்தப் பொதி இருந்தது. அதற்குள் ஒரு குரலா, இரண்டு குரலா என்று எனக்குத் தெரியாது. தலைவி வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார். கதவு சாத்தப்பட்டது.

மாலை வீட்டுக்கு வந்தேன். அம்மா திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கி வைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு வாகனம் மூன்று வீடு தள்ளி அல்ல, எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. உள்ளே ஒருவரா இருவரா என்று இருட்டில் தெரியவில்லை.

“அரியதரம் இன்னும் கேக்க வந்தவங்களோ?” என்றார் அம்மா. அவர் கை திரையை விடவில்லை.

நான் விளக்கை அணைக்கவில்லை. ஒரு கொப்பியை எடுத்து மேசையில் விரித்தேன். நேரத்தையும் வாகன இலக்கத்தையும் எழுதினேன். எத்தனை பேர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். அது போகும்வரை யன்னலடியில் நின்று பார்த்து, போன நேரத்தையும் எழுதிய பிறகுதான் கீழே கையெழுத்து வைத்தேன்.