அண்ணை மொழிபெயர்த்த வாள்வீரன்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் என்றால் யப்பான்காரன்தான். ஊர் ஊராகத் திரிகிற ஒரு வாள்வீரனை வைத்து இருபதுக்கும் மேல் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே கதை. வருவான், யாரோ ஒருத்தி வீட்டில் சோறு தின்பான், அந்த ஊர்ச் சண்டியர்களை வெட்டிச் சாய்ப்பான், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவான். மேல்மாடியில் தனியே இருக்கும் என் அண்ணை நூலகத்திலிருந்து ஒவ்வொரு இறுவட்டாக எடுத்து வருவார். கடைசிப் படம் முடிந்தால் திரும்ப முதலாவதிலிருந்து தொடங்குவார். எனக்குச் சலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பேச்சு யப்பான் மொழி, கீழே பிரெஞ்சு எழுத்து. அதை வாசித்து எனக்குத் தமிழில் சொல்வது அண்ணையின் வேலை. என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர் அவர்தான். பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் வந்து இறங்கியபோது எனக்கு ‘போன்ஜூ’ என்கிற வணக்கத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் எட்டு வருடம் நின்று, வாங்க வருகிறவர்களோடு வாய்ச்சண்டை பிடித்தே பிரெஞ்சு பழகினேன். வாசிக்கவும் வந்துவிட்டது. ஆனால் அண்ணையிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வீரனுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், சண்டியனுக்கு அசல் யாழ்ப்பாணத்துக் குரல் என்று அந்த மனுசன் கதிரை நுனியில் இருந்துகொண்டு சொல்கிற அழகைக் கெடுக்க மனம் வரவில்லை. தமையனுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். மடைச்சி.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை. படம் முடிந்ததும் அண்ணை என் மகளைக் காரில் புவாண்ட்-கிளேருக்கு நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். இது வாராவாரம் நடப்பதுதான். அங்கே பண்டசாலையில் வேலை செய்கிற என் கணவர் வேலை முடித்து அவர்களோடு சேர்ந்துகொள்வார், திரும்பும்போது அவரே காரை ஓட்டி வருவார். போகும்போதுதான் அண்ணையும் பிள்ளையும் தனியே. அன்றைக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகள் உள்ளே நீச்சல் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைய படம் நாங்கள் பார்த்திராத ஒன்று. நூலகத்தில் இத்தனை வருடமாக இல்லாமலிருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. திரையில் ஒரு பெண் வாள்வீரனுக்கு முன்னால் மண்டியிட்டு ஏதோ சொன்னாள். “என் மகனை நேற்றுத்தான் எரித்தோம்” என்று கீழே எழுத்து ஓடியது.

“‘வாங்கோ, இருந்து சாப்பிட்டுப் போங்கோ’ எண்டுறா” என்றார் அண்ணை.

பகிடி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வீரன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். “‘உங்கடை கையாலை சாப்பிட்டு எவ்வளவு நாள்’ எண்டுறான்” என்றார். பழைய படங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் இவ்வளவு நாளும் பிழை பிடிபடவில்லை.

ரிமோட்டை எடுத்துப் பிரெஞ்சு எழுத்தை நிறுத்தினேன். திரையில் இப்போது ஓர் எழுத்தும் இல்லை.

அண்ணை நிறுத்தவில்லை. ஒருவன் வாயைத் திறந்தால் இவரும் திறந்தார். கிழவிக்குக் கிழவியின் குரல், சண்டியனுக்குச் சண்டியனின் குரல். ஐயோ, கால்மணித்தியாலம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, நான் ரெடி!” என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. அண்ணை எழும்பி மேசையில் தடவிக் கார்ச் சாவியை எடுத்தார். நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

“இண்டைக்கு நீச்சல் வேண்டாம் அண்ணை.”

“ஏன், ஸ்னோ கொட்டுதெண்டோ? நான் இருபத்தைஞ்சு வருசமா ஓடுறன்.”

“வேண்டாமெண்டால் வேண்டாம்.”

“விசர்க்கதை கதையாதை. விலகு பிள்ளை.”

“ரீவியிலை எழுத்து இல்லை அண்ணை. நான் நிப்பாட்டிப் போட்டன். இவ்வளவு நேரமும் என்னத்தை வாசிச்சனீங்கள்?”

அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினார்.

“உனக்கு வாசிக்கத் தெரியுமோ?” என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

“கனகாலமாத் தெரியும்.”

“ஆக்களைத் தெரியுது. உன்னைத் தெரியுது. நேரை பாக்கிற இடத்திலைதான் கறுப்பா ஒரு பொட்டு. போன வருசம் தொடங்கினது.”

“அந்தப் பொட்டோடையோ என்ரை பிள்ளையை ஹைவேயிலை ஏத்திக்கொண்டு போனனீங்கள்? உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?”

பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்து நான் குரல் உயர்த்தியதில்லை. வாய் நிற்கவில்லை. என்னென்ன சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

“சொன்னால் லைசென்ஸைப் பறிச்சுப் போடுவாங்கள்” என்றார் கடைசியில். “பிறகு நான் உங்களுக்கு என்னத்துக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை நீட்டினேன். அவர் சாவியைத் தந்தார், என் கைக்கு ஒரு சாண் தள்ளி. எட்டி வாங்கிக்கொண்டேன். நல்லூரானே, நல்ல நேரத்தில் காட்டித் தந்தாய் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

மகள் குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, பையோடு வந்து நின்றாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமாவுக்குக் கண் சரியில்லை அம்மா. இனிமேல் கார் ஓடமாட்டார்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்தானே” என்றாள். “நான்தான் முன் சீற்றிலை இருந்து சிவப்பு, பச்சை எண்டு சொல்லுறனான். முன்னாலை கார் நிண்டால் கத்துவன்.”

அண்ணை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் பார்த்த பார்வையைக் கோபம் என்று நினைத்தாளோ என்னவோ, அவளுடைய உதடு பிதுங்கியது.

“ஒரு நாள்தான் அம்மா பிந்திச் சொன்னனான். ஒரே ஒரு நாள்தான். ஸொறி.”

ஒன்பது வயது. என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள்.